கோலிஃபார்ம் இல்லை என்று ரிப்போர்ட் வந்த தண்ணீரில் காமாலை வருமா?

கேள்வி: புதுச்சேரி வாசகர் ஒருவர், 2025 ஜனவரி 6

எங்கள் தெருவில் நான்கு வீடுகளில் மஞ்சள் காமாலை. எல்லோரும் பெரியவர்கள். சந்தேகப்பட்டுக் குழாய்த் தண்ணீரை ஒரு தனியார் ஆய்வகத்தில் கொடுத்தோம். கோலிஃபார்ம் இல்லை, ஈ.கோலை இல்லை, குடிக்க உகந்தது என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. அப்படியானால் தண்ணீர் காரணமில்லை என்று முடிவு செய்துவிடலாம்தானே? தெருமுனையில் தள்ளுவண்டியில் பானிபூரி விற்பவரைத்தான் இப்போது எல்லோரும் குற்றம் சொல்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 6, இரவு

முடிவு செய்ய முடியாது. அந்த ரிப்போர்ட் தவறாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் கோலிஃபார்ம், ஈ.கோலை இரண்டும் மலம் கலந்திருக்கிறதா என்று பார்க்க அளக்கும் பாக்டீரியாக்கள். ரிப்போர்ட் பேசுவது அவற்றைப் பற்றி மட்டும். பெரியவர்களுக்குக் கூட்டமாகக் காமாலை வந்தால் நம் நாட்டில் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஹெபடைடிஸ் இ வைரஸ். அடுத்தது ஹெபடைடிஸ் ஏ. இரண்டும் மலத்தில் வெளியேறித் தண்ணீர் வழியாக வாய்க்கு வருபவை. ஈ.கோலையைக் கொல்லும் அளவு குளோரின் இவற்றை எப்போதும் கொன்றுவிடுவதில்லை. ஆகவே ஈ.கோலை செத்துப்போய், வைரஸ் பிழைத்திருக்கும் தண்ணீர் ஒன்று இருக்க முடியும். அந்தத் தண்ணீருக்கு உங்களுக்குக் கிடைத்த அதே ரிப்போர்ட்தான் கிடைக்கும்.

இன்னொன்று காலம். ஹெபடைடிஸ் இ உடம்புக்குள் போய்க் கண் மஞ்சளாக இரண்டு வாரம் முதல் எட்டு வாரம் வரை ஆகும். ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது நவம்பர் 30. அதற்கடுத்த நாட்களில் புதுச்சேரியில் எத்தனை தெருக்களில் சாக்கடையும் மழைநீரும் ஒன்றாக நின்றன என்று உங்களுக்கே தெரியும். அந்த வாரம் குடித்த தண்ணீருக்கான பலனை இப்போது பார்க்கிறீர்களோ என்னவோ. ஜனவரியில் பிடித்த தண்ணீர் டிசம்பர் தண்ணீருக்குச் சாட்சி சொல்லாது.

பானிபூரிக்காரரை விடுங்கள். அவரும் அதே குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறார். நாளைக் காலையில் செய்ய வேண்டியது: காமாலை வந்தவர்களுக்கு ரத்தத்தில் ஹெபடைடிஸ் ஏ, இ இரண்டுக்கும் ஐ.ஜி.எம். (புதிதாக வந்த தொற்றைக் காட்டும் எதிர்ப்பொருள்) பரிசோதனை. கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பதை நான் தடுக்கவில்லை; அதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். தெருவில் கர்ப்பிணிகள் யாராவது இருந்தால் அவர்களுக்குக் கொதிக்கவைத்த தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம். கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் பெண்ணுக்கு ஹெபடைடிஸ் இ வந்தால் நான்கில் ஒருவர், ஐந்தில் ஒருவர் என்ற கணக்கில் உயிர் போகிறது. மற்றதையெல்லாம் பிறகு விவாதிக்கலாம், இதைத் தள்ளிப்போட முடியாது.

(பணிக்காலம் முழுவதும் தண்ணீர் மாதிரிகளோடு நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் கழித்தவள் நான். இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.)

ஜனவரி 7

"பாக்டீரியா இல்லாத தண்ணீரில் வைரஸ் மட்டும் எப்படித் தனியாக வரும்? கொஞ்சம் மிகையாக இருக்கிறதே அக்கா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மிகை இல்லை. உலகம் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டதே நம் தில்லியில்தான்.

1955 இறுதியில் யமுனை திசை மாறி ஒதுங்கியதால், நஜஃப்கர் வாய்க்காலின் கழிவு பின்னோக்கி வந்து, வசீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்தில் கலந்துவிட்டது. நீரேற்று நிலையத்தில் இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. குளோரினைக் கூட்டினார்கள். அதற்குப் பலனும் இருந்தது: டைஃபாய்டு, வயிற்றுக்கடுப்பு எதுவும் பெரிதாகக் கிளம்பவில்லை. பாக்டீரியா அடங்கிவிட்டது. சில வாரங்கள் கழித்து நகரத்தில் சுமார் 29,000 பேருக்குக் காமாலை. எச்சரிக்கையும் இருந்தது, மருந்தும் போட்டார்கள். பாக்டீரியாவை அளவுகோலாக வைத்ததால் வைரஸ் நழுவிவிட்டது.

அது ஹெபடைடிஸ் ஏ என்றுதான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பாதுகாத்து வைத்திருந்த ரத்த மாதிரிகளைப் பின்னாளில் சோதித்தபோது அது ஏ இல்லை என்று தெரிந்தது. 1978இல் காஷ்மீரில் இதே மாதிரி ஒரு பெரும் பரவலை மருத்துவர் முகமது குரூ ஆராய்ந்து, இது வேறொரு வைரஸாக இருக்க வேண்டும் என்றார். 1983இல் சோவியத் ஆய்வாளர் மிகயில் பலயான், நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த கரைசலைத் தானே குடித்து, காமாலை வரவழைத்துக்கொண்டு, தன் மலத்தில் அந்த வைரஸை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது முகத்தைச் சுளிப்பார்கள். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு.

ஜனவரி 8

நேற்று எழுதியதில் குளோரினைக் குறைத்துப் பேசிவிட்டதுபோல் தோன்றுகிறது. அப்படிப் படித்துவிடாதீர்கள். தெளிந்த நீரில், போதுமான அளவில், அரை மணி நேரம் ஊறினால் குளோரின் இந்த வைரஸ்களையும் முடித்துவிடும். தில்லியில் வந்தது சாக்கடை கலந்த நீர். அதில் அம்மோனியா நிறைய இருக்கும். குளோரின் அதோடு சேர்ந்து குளோரமைனாகிவிடும். குளோரமைன் வைரஸிடம் மிகவும் சோப்ளாங்கி. கலங்கலான நீரில் வைரஸ் மண் துகளில் ஒட்டிக்கொண்டு தப்பிக்கவும் செய்யும். எவ்வளவு குளோரின் போட்டோம் என்ற கணக்கு மட்டும் போதாது. எவ்வளவு மிச்சம் நின்றது, என்ன வடிவில் நின்றது என்று பார்க்க வேண்டும்.

ஜனவரி 8, மாலை

"அப்படியானால் நேராக வைரஸையே தேடவேண்டியதுதானே, ஏன் சுற்றிவளைக்கிறார்கள்?" நல்ல கேள்வி. நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஈ.கோலைக்கு 100 மில்லி தண்ணீர் போதும். ஒரு வெண்ணிறத் தாள் வழியாக வடிகட்டி, தாளை ஊட்டப்பொருள்மேல் வைத்து, மறுநாள் புள்ளிகளை எண்ணிவிடலாம். வைரஸ் அப்படி வளராது. அதற்கு உயிருள்ள செல் வேண்டும். அதோடு அது மிகவும் சொற்பமாக இருக்கும், சொற்பமாக இருந்தாலே நோய் கொடுக்கும். நோரோ வைரஸ் சில பத்துத் துகள்கள் உள்ளே போனாலே ஒரு குடும்பம் முழுவதும் வாந்தி எடுக்கும். ஆகவே குடிநீரில் வைரஸ் தேடுபவர்கள் நூற்றுக்கணக்கான லிட்டர், சில வேளை ஆயிரம் லிட்டர் தண்ணீரை ஒரு வடிகட்டி வழியாக ஓடவிடுகிறார்கள். வைரஸுக்குத் துளையைவிட அளவு சிறிது. அதைத் துளை பிடிப்பதில்லை, மின்னேற்றம் பிடிக்கிறது. நேர்மின்னேற்றம் உள்ள வடிகட்டி, எதிர்மின்னேற்றம் உள்ள வைரஸை ஒட்டவைத்துக்கொள்ளும். பிறகு மாட்டிறைச்சிச் சாறு போன்ற காரத்தன்மையுள்ள கரைசலை ஊற்றி அதைக் கழற்றி எடுக்க வேண்டும். ஆயிரம் லிட்டர் இப்படிச் சில மில்லியாகச் சுருங்கிய பிறகுதான் வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, அதைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். இயந்திரத்தில் வைப்பது.

இத்தனை படிகளிலும் வைரஸ் தொலைந்துகொண்டே வரும். தெரிந்த வைரஸ் ஒன்றை முதலிலேயே அளந்து கலந்து, கடைசியில் எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்று பார்க்காத ஆய்வகம் "வைரஸ் இல்லை" என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். ஏரி, கிணற்று நீரில் இலை மக்கிய சாறு இருக்கும், அது பி.சி.ஆரையே முடக்கிவிடும். அப்போதும் ரிப்போர்ட்டில் "இல்லை" என்றுதான் வரும். கட்டாயம் கேளுங்கள்: தெரிந்தே வைரஸ் கலந்துவைத்த கட்டுப்பாட்டு மாதிரி வேலை செய்ததா?

எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. குளோரினில் செத்த வைரஸின் ஆர்.என்.ஏ. துண்டும் பி.சி.ஆரில் தெரியும். "இருக்கிறது" என்று வந்தால் உயிரோடு இருக்கிறதா, பிணமா என்று அது சொல்லாது. செல் வளர்ப்பில் போட்டுப் பார்க்கலாம் என்றால், நோரோ வைரஸை மனிதக் குடல் செல்களில் வளர்க்கவே 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஹெபடைடிஸ் இ இன்னமும் வீம்பு பிடிக்கிறது.

நம் நாட்டுக் குடிநீர்த் தரநிர்ணயமான ஐ.எஸ். 10500 (2012) வைரஸை மறந்துவிடவில்லை. எம்.எஸ்.2 என்று பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு சாதுவான வைரஸ் இருக்கிறது. அது ஒரு லிட்டர் தண்ணீரில் இருக்கக் கூடாது. இருந்தால் மேற்கொண்டு மனித வைரஸ்களைத் தேட வேண்டும் என்கிறது. எழுத்தில் இருக்கிறது. உங்கள் கையில் உள்ள ரிப்போர்ட்டில் எம்.எஸ்.2 என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்த ரிப்போர்ட்டுகளில் அந்த வரி அபூர்வம்.

ஜனவரி 9

ஆர்.ஓ. வைத்திருப்பவர்கள் மூவர் கேட்டிருக்கிறார்கள். சவ்வு ஒழுங்காக இருந்தால் வைரஸைத் தடுக்கும். ஓரத்து ரப்பர் வளையம் தளர்ந்தால் அந்த இடுக்கு வழியாகப் போய்விடும். ருசியில் அது தெரியாது. புற ஊதா விளக்கு ஹெபடைடிஸ் ஏ, போலியோ வைரஸுக்கு நன்றாகவே வேலை செய்யும். அடினோ வைரஸ் மட்டும் முரட்டு ரகம். அதற்குச் சாதாரண அளவைப்போல நாலைந்து மடங்கு ஒளி தேவை. கொதிக்கவைப்பது எல்லாவற்றுக்கும் போதும். கொப்பளித்துக் கொதிக்க வேண்டும், சூடு ஏறியதும் இறக்கிவிடக் கூடாது. கேன் தண்ணீர் பற்றிக் கேட்டவருக்கு: கேனை நம்புவது அதை நிரப்பிய இடத்தை நம்புவது. நிரப்பிய இடத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

ஜனவரி 11

குடிநீரில் தேடுவது இவ்வளவு கடினம் என்றால் என்னதான் செய்வது என்று சோர்ந்துவிட வேண்டாம். என் மனதில் இருப்பதை இப்போது சொல்கிறேன். நம்மைப் போன்ற ஊர்களில் வைரஸை முதலில் தேட வேண்டிய இடம் சாக்கடை.

காரணம் எளிது. காமாலை வருபவர் கண் மஞ்சளாவதற்கு முன்பே மலத்தில் வைரஸை வெளியேற்ற ஆரம்பித்துவிடுகிறார். கண் மஞ்சளாகாமலே வெளியேற்றுபவர்கள் இன்னும் அதிகம். அவர்கள் மருத்துவமனைக்கு வரமாட்டார்கள். கழிவறைக்குப் போகாமல் இருக்க முடியாது. அரை லிட்டர், ஒரு லிட்டர் சாக்கடை நீரில் ஆயிரக்கணக்கான வீடுகளின் செய்தி இருக்கிறது. ஆயிரம் லிட்டர் வடிகட்டும் தலைவலி இல்லை. பாலிஎத்திலீன் கிளைகாலும் உப்பும் சேர்த்து இரவு முழுவதும் குளிரில் வைத்து, மறுநாள் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினால் குழாயின் ஒரு பக்கச் சுவரில் தேமல் படர்ந்ததுபோல் மங்கலாக ஒரு படிவு ஒட்டியிருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். மேலே உள்ள நீரைக் கொட்டும்போது கை நடுங்கினால் அதுவும் போய்விடும். தேடும் வைரஸ் அந்தப் படிவில்தான் இருக்கிறது.

இது கொரோனா காலத்தில் முளைத்த புதிய வித்தை என்று பலர் நினைக்கிறார்கள். 1939, 1940 வாக்கிலேயே அமெரிக்காவில் பாலும் டிராஸ்க்கும் சாக்கடை நீரைக் குரங்குகளுக்குச் செலுத்தி அதில் போலியோ வைரஸ் இருப்பதைக் காட்டினார்கள். நம் நாட்டில் மும்பைச் சாக்கடையில் போலியோ தேட ஆரம்பித்தது 2001இல். பிறகு தில்லி, கொல்கத்தா, பாட்னா என்று விரிந்தது. 2011 ஜனவரி 13இல் ஹவுராவில் ஒரு குழந்தைக்கு வந்ததுதான் இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ. அதன் பிறகு "இனி இல்லை" என்று 2014 மார்ச்சில் சான்று கொடுக்க முடிந்ததற்கு, ஊனமாகும் குழந்தைகளைத் தேடியதோடு சாக்கடையையும் தொடர்ந்து பார்த்து வந்தது ஒரு பெரிய துணை.

2013இல் இஸ்ரேலில் ஒரு குழந்தைகூட முடங்காமல் சாக்கடையில் மட்டும் போலியோ தெரிந்தது. 2022இல் லண்டனில், பெக்டன் சுத்திகரிப்பு நிலையத்தில் தெரிந்தது. அங்கும் எவரும் முடங்கவில்லை, அதற்குள் ஒன்று முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளுக்குக் கூடுதல் தடுப்பூசி போட ஆரம்பித்துவிட்டார்கள். காசாவில் 2024 ஜூலையில் சாக்கடையில் தெரிந்தது. ஆகஸ்டில் பத்து மாதக் குழந்தை ஒன்று முடங்கியது. குண்டு விழும் ஊரில்கூடச் சாக்கடை முந்திச் சொல்லிவிட்டது.

ஜனவரி 11, இரவு

ஒரு விளக்கம் விட்டுப்போயிற்று. நம் ஊர்ச் சாக்கடையில் போலியோ வைரஸ் தெரிந்தால் பதறக் கூடாது. சொட்டு மருந்தில் இருப்பதே உயிருள்ள, வலுவிழக்கச் செய்த வைரஸ்தான். குழந்தைகள் அதைக் கழிவில் விடுவார்கள். மரபுவரிசையைப் படித்துத்தான் அது மருந்து வைரஸா, மருந்திலிருந்து திரிந்து மறுபடி முடக்கும் வலு பெற்ற வைரஸா, இயற்கை வைரஸா என்று பிரிப்பார்கள். இரண்டாம் வகையை 2016 ஏப்ரலில் சொட்டு மருந்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். அந்த வகையோ, திரிந்த வைரஸோ, இயற்கை வைரஸோ தெரிந்தால் உடனே எழுந்து நிற்க வேண்டும்.

ஜனவரி 13

"கொரோனாவில் சாக்கடையைப் பார்த்தார்கள், என்ன ஆயிற்று? அலை வந்தது வந்ததுதான்." கோபம் புரிகிறது. நெதர்லாந்தில் ஆமர்ஸ்ஃபோர்ட் நகரத்தில் 2020 மார்ச்சில் முதல் நோயாளி பதிவாவதற்கு ஆறு நாள் முன்பே சாக்கடையில் தெரிந்தது உண்மை. அகமதாபாத் சாக்கடையில் அந்த மே மாதத்திலேயே காந்திநகர் ஐ.ஐ.டி.யினர் கண்டுபிடித்ததும் உண்மை. ஆனால் தெரிவது ஒன்று, தெரிந்ததை வைத்துச் செயல்படுவது வேறொன்று. வார இறுதியில் எடுத்து, அடுத்த வாரம் சோதித்து, மாத இறுதியில் யாருக்கோ அனுப்பும் ரிப்போர்ட் எச்சரிக்கை ஆகாது. மாதிரி எடுத்த மூன்றாம் நாள் சுகாதார அதிகாரியின் மேசையிலும் ஊர் மக்களின் கண்ணிலும் படும்படி எண் வரவேண்டும். அதை வாங்கித் தராத கண்காணிப்புக்குச் செலவழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

எண் என்றதும் இன்னொரு சிக்கல். மழை பெய்தால் சாக்கடை நீர்த்துப்போகும். போன வாரம் ஆயிரம், இந்த வாரம் நூறு என்றால் நோய் குறைந்ததா, தண்ணீர் கூடியதா? இதற்கு ஒரு அழகான வழி வைத்திருக்கிறார்கள். மிளகாய்ச் செடியைத் தாக்கும் ஒரு வைரஸ் உண்டு. அது மிளகாய்த்தூளில் தப்பி, சாம்பாரில் கொதித்து, நம் குடலையும் தாண்டி வெளியே வந்துவிடுகிறது. காய்ந்த மலம் ஒரு கிராமில் நூறு கோடி வரை இருக்கும் என்று 2006இல் கண்டார்கள். நோய் வைரஸை அளக்கும்போது மிளகாய் வைரஸையும் அளந்து, இரண்டையும் வகுத்துப் பார்த்தால் மழை எவ்வளவு கலந்தது என்பது கழிந்துவிடும். கார சாப்பாட்டுக்காரர்களான நமக்கு இந்த அளவுகோல் குறைவுபடவே படாது!

ஜனவரி 16

புதுச்சேரியில் வேலை பார்க்கும் பொறியாளர் ஒருவர் கேட்கிறார்: மாதிரியை எந்தக் கிழமை எடுப்பது? செவ்வாய், புதன். சனி ஞாயிறுகளில் கடற்கரைப் பக்கத்துச் சாக்கடையில் பாதி பெங்களூருக்கும் சென்னைக்கும் சொந்தம். சுற்றுலாக்காரர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் தனியாக ஞாயிறு மாலை எடுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள். நேற்று, முந்தாநாள் எடுத்திருந்தால் அதையும் தனியாக எழுதி வையுங்கள். பொங்கலுக்குப் பாதி ஊர் வெளியே போய்விட்டது.

ஜனவரி 17

மாதிரி எடுப்பதைப் பற்றி ஆய்வகத்தில் இருப்பவர்கள் அதிகம் பேசுவதில்லை, நான் பேசப்போகிறேன். ஒரு வாளியைக் கட்டி இறக்கி ஒரு நிமிடத்து நீரை எடுத்தால், அந்த நிமிடத்தில் எந்த வீட்டுக் கழிவறைத் தண்ணீர் போனதோ அதுதான் வரும். மணிக்கு ஒருமுறை எடுத்து 24 மணி நேரத்துக்குச் சேர்க்கும் இயந்திரம் இருக்கிறது. விலை அதிகம், மின்சாரம் வேண்டும், திருட்டும் போகும். நமக்கு ஏற்றது ஒன்று உண்டு. 1948இல் இங்கிலாந்தில் மூர் என்பவர், பாராடைஃபாய்டு எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கப் பஞ்சுத்துணியை மடித்துக் கம்பியில் கட்டிச் சாக்கடையில் தொங்கவிட்டார். ஓரிரு நாள் தொங்கட்டும். ஓடுகிற நீரெல்லாம் அதன் வழியாகப் போகும். கிருமி இழையில் தங்கும். எடுத்துப் பிழிந்து சோதித்து, தெரு தெருவாகப் பின்னோக்கிப் போய், கடைசியில் வீட்டைக் கண்டுபிடித்தார்.

மருந்துக்கடையில் கிடைக்கும் காஸ் துணி, மீன்பிடி நரம்பு, ஒரு சிறு ஈயக்குண்டு. தேவனாம்பட்டினத்தில் எந்தச் சிறுவனைக் கேட்டாலும் அதைக் கட்டிக் கொடுத்துவிடுவான். காலையில் தூக்கும்போது துணி சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று கனத்திருக்கும். ஓரத்தில் தலைமுடியும் ஷாம்பூ பாக்கெட்டும் சுற்றியிருக்கும். அவற்றைக் கத்தரித்துவிட்டு, துணியை மட்டும் புதிய பையில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே ஆய்வகத்துக்கு. குறை இருக்கிறது: எவ்வளவு நீர் அதன் வழியாகப் போனது என்று தெரியாததால், இருக்கிறதா இல்லையா என்று சொல்லுமே தவிர எண் சொல்லாது. முதல் எச்சரிக்கைக்கு அது போதும்.

இதில் நான் விட்டுக்கொடுக்காத ஒரு நிபந்தனை உண்டு. ஆள் இறங்கும் குழிக்குள் எவரும் இறங்கக் கூடாது. தலையைக்கூட உள்ளே நீட்டக் கூடாது. மூடியைத் திறந்து ஒதுங்கி நின்று, மேலிருந்து கயிற்றில் இறக்கி, கயிற்றில் எடுக்க வேண்டும். ஆட்களை இறக்குவதைத் தடுக்கும் சட்டம் 2013லேயே வந்துவிட்டது. நோயைக் கண்காணிக்கிறேன் என்று ஒரு துப்புரவுத் தொழிலாளியை விஷவாயுவுக்குள் அனுப்பும் ஆய்வு எனக்கு ஆய்வே இல்லை.

ஜனவரி 18

"ஒரு குப்பத்துச் சாக்கடையில் வைரஸ் என்று வெளியிட்டால் அந்தக் குப்பத்து மீனை யார் வாங்குவார்கள்?" கடலூர் முதுநகரிலிருந்து ஒருவர். இந்த இழையில் வந்ததிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்த கேள்வி இது. எண்ணை மக்கள் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்று ஜனவரி 13 அன்று எழுதினேன். அதைச் சுருக்கிக்கொள்கிறேன். ஊர் மட்டத்து எண் பொதுவில். தெரு மட்டத்து எண் அந்தத் தெருக்காரர்களிடமும் சுகாதாரத் துறையிடமும் மட்டும். அதோடு குழாய் பழுதுபார்க்கும் ஆளும் அதே நாள் அங்கே போய்ச் சேர வேண்டும்.

ஜனவரி 19

கேள்வி கேட்டு இழையைத் தொடங்கிய தம்பி மீண்டும் எழுதியிருக்கிறார். இரண்டு பேருக்கு ரத்தத்தில் ஹெபடைடிஸ் இ உறுதி. இன்னும் இரண்டு முடிவு வரவில்லை. தெருவில் இருந்த ஒரே கர்ப்பிணிப் பெண் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். அதுவரை நிம்மதி.

இனி குழாய். எங்கள் பக்கத்தில் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம். மற்ற நேரம் குழாய் காலி. காலிக் குழாயில் அழுத்தம் இருக்காது. வீட்டு இணைப்பு பல இடங்களில் சாக்கடைக்கு ஊடே போகிறது. விரிசல் இருந்தால் வெளியில் இருப்பது உள்ளே வரும். தண்ணீர் வரும்போது நாலு வீட்டில் மோட்டாரை நேராகக் குழாயில் மாட்டி உறிஞ்சினால் ஐந்தாவது வீட்டுக் குழாய்க்குள் சாக்கடையை அவர்களே இழுத்துவிடுகிறார்கள். இதைத் தெருக் கூட்டத்தில் சொல்லி நான் வாங்கிக்கட்டிக்கொண்டிருக்கிறேன். மறுபடியும் சொல்வேன்.

தம்பி, நீங்கள் ஆய்வகத்துக்குக் கொடுத்த மாதிரியை எப்போது பிடித்தீர்கள்? நடுவில், நன்றாக ஓடி வந்த பிறகு பிடித்திருந்தால் அது நல்ல தண்ணீர். கெட்டது முதலில் வரும் தண்ணீர். அடுத்த முறை குழாய் மூச்சுவிடும் அந்த முதல் குடத்திலிருந்தும் தனியாக ஒன்று எடுங்கள்.

அதைவிட எளிது, தினமும் குளோரினைப் பார்ப்பது. சிறு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாகும். பக்கத்து நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். உடனே ஒப்பிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து ஏறும் மஞ்சளில் நான் முன்பு சொன்ன குளோரமைனும் சேர்ந்திருக்கும், அது போலித் தைரியம் கொடுக்கும். சாதாரணமாக லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிச்சமிருந்தால் போதும் என்கிறது ஐ.எஸ். 10500. வைரஸிடமிருந்து பாதுகாப்பு வேண்டுமென்றால் 0.5 என்று அதே தரநிர்ணயம் சொல்கிறது. காமாலை வந்த தெருவில் 0.5 கேளுங்கள். கடைசி வீட்டுக் குழாயில் கேளுங்கள், தொட்டியடியில் வேண்டாம். பிளீச்சிங் பவுடர் மூட்டை கடற்காற்றில் திறந்து கிடந்தால் அதன் வீரியம் போய்விடும். எடை சரியாகப் போட்டும் குளோரின் இல்லாத ஊர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 22

சாக்கடையில்தான் தேட வேண்டும் என்று ஜனவரி 11இல் அடித்துச் சொன்னேன். கடலூரை நினைத்துப் பார்க்கும்போது அந்தக் கூற்று பாதிதான் பொருந்துகிறது. புதை சாக்கடை போகாத புறநகர்களில் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். அந்த வீடுகளின் செய்தி எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் போய்ச் சேராது. அதே வீட்டு மனையில் போர்வெல்லும் இருக்கும்.

நம் கடலோர மணலில் இது சாதாரண விஷயம் இல்லை. பாக்டீரியா மணலில் வடிகட்டப்பட்டுவிடும். வைரஸ் அதைவிடப் பல மடங்கு சிறிது. மணலின் இடுக்கில் தாராளமாகப் போகும். களிமண் இருந்தால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் நிரந்தரம் கிடையாது. உப்பு குறைந்த மழைநீர் இறங்கும்போது மண்ணின் பிடி தளர்ந்து வைரஸ் மறுபடி நீரோடு கிளம்பிவிடும். ஃபெஞ்சலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை கடலூர்க் கரையோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. நிலத்தடியில் என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள். "எங்கள் வீட்டில் போர் தண்ணீர், பயமில்லை" என்று எழுதியிருந்த இருவரும் இதைப் படிக்க வேண்டும்.

ஜனவரி 24

"இதெல்லாம் செய்ய நம் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?" இருக்கிறார்கள். புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மருக்குள் வைரஸ் நோயறியும் ஆய்வகம் இருக்கிறது. அதே கோரிமேட்டுப் பக்கம் ஐ.சி.எம்.ஆரின் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆய்வு மையம் 1975லிருந்து இருக்கிறது. யானைக்கால் நோய்க்காகக் கொசுக்களைப் பிடித்து, பி.சி.ஆரில் போட்டு, ஊரில் கிருமி இன்னும் சுற்றுகிறதா என்று பார்க்கும் முறையில் கைதேர்ந்தவர்கள். ஆளை ஆளாகக் குத்தி ரத்தம் எடுக்காமல் ஊரை அளக்கும் அதே யோசனைதான் இதுவும். வேலூர் சி.எம்.சி.யும் பஸ்ஸில் ஒரு பொழுதுப் பயணம். குடல் வைரஸ்களில் அங்கே பல தலைமுறை அனுபவம் இருக்கிறது. இயந்திரமும் கையும் இருக்கின்றன. வாரம் தவறாமல் மாதிரி கொண்டுவந்து கொடுக்க ஒரு ஏற்பாடும், அதற்கு ஒரு ஆணையும்தான் இல்லை.

ஜனவரி 26

செப்டிக் டேங்க் லாரியிலிருந்தே மாதிரி எடுக்கலாமே என்று பொறியாளர் கேட்டிருக்கிறார். இரண்டு நாளாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு லாரியில் ஒன்றிரண்டு வீட்டுக் கழிவு இருக்கும். பல மாதங்கள் தேங்கிய பழையதும் கலந்திருக்கும். இன்றைய நோயைக் காட்டாது. ஆனால் கொட்டும் இடத்தில் ஒரு நாள் முழுவதும் வரும் லாரிகளில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குவளை எடுத்து ஒரே பாட்டிலில் சேர்த்தால், எந்தப் புறநகரில் ஹெபடைடிஸ் இ சமீபமாக நடமாடியது என்று ஓரளவு தெரியும். வீட்டு எண் எழுத வேண்டாம். பகுதியின் பெயர் போதும். படிவு கெட்டியாக இருப்பதால் பி.சி.ஆர். முடங்கும், பத்து மடங்கு நீர்த்து இன்னொரு முறையும் ஓட்ட வேண்டும்.

எங்கள் தெருவுக்கு வரும் லாரி ஓட்டுநரிடம் கேட்டேன். மாதிரி எடுக்க அவருக்கு ஆட்சேபம் இல்லை. கொட்டக் கூடாத இடத்தில் கொட்டியதாக வழக்கு வந்துவிடுமோ என்றுதான் பயப்படுகிறார். அதற்கு எழுத்தில் ஒரு உத்தரவாதம் வாங்க முடியுமா என்று பொறியாளர் விசாரித்துச் சொல்லட்டும். காஸ் துணியும் ஐஸ் பெட்டியும் என்னிடம் இருக்கின்றன.